பழி சொன்னவன் நான்

எங்கள் வீட்டில் வேலை செய்த ஓர் அம்மா, சமையலறையில் இருந்த குளிர்பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் கருவாடு வைக்கிறார் என்று நான் குற்றம் சாட்டினேன். அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அக்கம்பக்கத்து வீடுகளிலும் சொன்னேன். அது பொய். பெட்டியருகே வந்த மீன் நாற்றத்துக்குக் காரணம், நானே சுவரில் மாட்டி வைத்த ஒரு மல்டி பிளக். அது தெரிந்த பிறகும் அதை வெளியே சொல்ல எனக்கு வெகுநாள் மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் பணி ஓய்வுக்குப் பிறகு திருவண்ணாமலைக்கு வந்து குடியேறியவன். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிப் பிரியும் தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. கீழே நானும் மனைவியும் இருக்கிறோம். மாடியை வாடகைக்கு விடுவோம். கார்த்திகை தீபம் நெருங்கும்போது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வீடு தேடத் தொடங்குவார்கள். மாசி, பங்குனியில் வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். போகும்போது சைக்கிள், மெத்தை, புத்தகம் என்று எதையாவது விட்டுவிட்டுப் போவது இந்தப் பகுதியில் வழக்கம். எங்கள் மாடியில் இருந்தவர் விட்டுப் போனது ஓர் ஒயின் கூலர். இடுப்பு உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே மரத்தட்டுகள். மதுவும் மாமிசமும் கூடாது என்று சொல்லித்தான் நாங்கள் வீடு விடுகிறோம். அவரும் அதை மதித்து அதில் சாக்லேட்டும் பழச்சாறும்தான் வைத்திருந்தார். அதைக் கீழே இறக்கி எங்கள் சமையலறையில் வைத்தேன். பழைய பிரிட்ஜ் சிறியது. இது கூடுதல் பிரிட்ஜாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கே தப்பு. ஒயின் கூலர் பிரிட்ஜ் வேலையைச் செய்யாது. ஒயினை வைக்க ஏற்ற குளிர் ஏறக்குறைய 8 முதல் 18 டிகிரி வரை. அந்த அளவுக்குத்தான் இவற்றைச் செய்கிறார்கள். பாலும் சமைத்த பண்டமும் கெடாமல் இருக்க 5 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். எங்களுக்கு வந்தது கம்ப்ரஸர் இல்லாத வகை. 1834இல் பிரான்ஸைச் சேர்ந்த ழான் பெல்டியே கண்டறிந்த விளைவில் அது இயங்குகிறது: இரண்டு வெவ்வேறு கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். உள்ளே வாயுவும் இல்லை, எண்ணெயும் இல்லை. சத்தமே வராது. ஆனால் அறையின் வெப்பத்தைவிட 15, 20 டிகிரி குறைப்பதற்குள் அதற்குப் போதும் போதும் என்றாகிவிடும். சித்திரையில் இங்கே வெயில் 40ஐத் தொடும். அப்போது அந்தப் பெட்டிக்குள் 20 டிகிரிக்கு மேல் இருந்திருக்கும். நான் அதில் பாலையும் இட்லி மாவையும் வைக்கச் சொன்னேன்.

முதலில் வந்தது புளித்த நாற்றம். மாவு பொங்கி வழிந்து, கதவு ரப்பரின் மடிப்புக்குள்ளும், பின்சுவரின் அடியில் தண்ணீர் வடியும் சிறு ஓட்டைக்குள்ளும் போயிருந்தது. நாற்றம் அடித்த உடனே நான் அந்த அம்மாவைத்தான் கூப்பிட்டேன். “பாத்திரத்தை மூடி வைக்கத் தெரியாதா?” என்றேன். அவர் மூடித்தான் வைத்திருந்தார். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது நான் சொன்ன இடத்தில் வைத்ததால். அவர் மறுபேச்சுப் பேசாமல் துடைத்தார்.

அடுத்து, அந்தப் பெட்டியை ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைக்கச் சொன்னேன். “மரத்துக்கு வேணாம் சார், சோடா மாவு போட்டுத் தொடச்சிடறேன்” என்றார் அவர். அவர் சொன்னதுதான் சரியான வழி. நான் கேட்கவில்லை. துடைத்த ஈரம் காயும் முன்பே கதவை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து திறந்தால் நனைந்த கோணிப்பை போல ஒரு நாற்றம். மரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது.

இதைப் பற்றிப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒயின் செய்கிறவர்கள் மிகவும் அஞ்சும் நாற்றம் இதுதான். குளோரின் பட்ட மரத்திலும் தக்கையிலும் உண்டாகும் குளோரோபீனால் என்ற பொருளைப் பூஞ்சை மாற்றி ட்ரைகுளோரோ அனிசோல் என்பதை உண்டாக்குகிறது. ஒயினைக் கெடுப்பது இந்தப் பொருள்தான் என்பதை 1981இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒயின் நிலவறைகளில் குளோரின் கலந்த எதையும் வைத்துத் துடைக்காதே என்று சொல்வது இதனால்தான். எங்கள் பெட்டியில் நடந்தது இதுவேதான் என்று சோதித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் மரத்தில் ப்ளீச்சிங் பவுடரைப் போட்டது தவறு, ஈரத்தோடு மூடியது தவறு. இரண்டும் என் வேலை. அப்போதும் நான் சொன்னது: “நீ ஒழுங்காகத் துடைக்கவில்லை.” அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்தேன். மரத்தட்டுகளை வெளியே எடுத்து வெயிலில் காயவைத்து, சோடா மாவுத் தண்ணீரால் உள்சுவரைத் துடைத்து, கதவைத் திறந்தே போட்டு நாற்றத்தைப் போக்கியவரும் அவரேதான்.

மூன்றாவதாக வந்ததுதான் மீன் நாற்றம்.

இங்கே நான் என்னைப் பற்றிச் சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சைவம். அந்த அம்மா வீட்டில் மீனும் கருவாடும் சமைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதும், அந்தத் தெரு எந்தச் சாதிக்காரர்களின் தெரு என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் அவருக்குக் காபி கொடுக்கத் தனி டம்ளர் இருந்தது. அதை யாரும் சட்டமாகப் போடவில்லை. நான் அதை மாற்றவும் இல்லை. அதனால் சமையலறையில் மீன் நாற்றம் என்றதும் என் மனம் எதையும் தேடவில்லை. தீர்ப்பு ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. நாற்றம் வந்ததும் அதில் அவர் பெயரை நிரப்பிக்கொண்டேன்.

கண்ணெதிரே இருந்த சாட்சியங்களைப் பார்த்திருந்தால் அந்தத் தீர்ப்பு ஒரு நாள்கூட நின்றிருக்காது. அவர் காலையில் வந்து பத்து மணிக்குள் வேலையை முடித்துப் போய்விடுவார். நாற்றம் வந்தது மாலையில். ஆசிரமத்தில் ஆறரை மணிக்குத் தமிழ்ப் பாராயணம். அதற்குப் போகும் முன் நான் இண்டக்ஷன் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துக் காபி போட்டுக் குடிப்பேன். பாராயணம் முடிந்து வீட்டுக்கு வந்தால் சமையலறையில் அந்த வாடை. பெட்டியின் உள்ளே குறைவாகவும், பின்பக்கம், சுவரோரமாக அதிகமாகவும் இருக்கும். காலையில் அவர் வரும்போது பெரும்பாலும் போயிருக்கும். இத்தனையும் எனக்குத் தெரியும். ‘காலையில் வைக்கிறாள், பகல் சூட்டில் மாலைக்குள் நாற்றம் கிளம்புகிறது’ என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

அவர் எச்சரித்தும் இருந்தார். ஒருநாள் பெட்டியை நகர்த்திப் பின்னால் பெருக்கியபோது, “சார், இந்த பிளக்கு தொட்டா சுடுது, கறுத்தும் போயிருக்குது. யாரையாவது கூப்ட்டுப் பாருங்க” என்றார். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ பெருக்கு” என்றேன்.

சில நாள் கழித்து நாற்றம் பொறுக்க முடியாமல் போன மறுநாள் காலை, அவர் கொண்டுவந்த பையைத் திறந்து காட்டச் சொன்னேன். பையில் மாற்றுப் புடவையும் ஒரு டிபன் பாக்ஸும் இருந்தன. டிபன் பாக்ஸையும் திறக்கச் சொன்னேன். திறந்தார். புளிச்சோறு. அதைப் பார்த்த பிறகாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். “இன்னைக்கு இல்ல, அவ்வளவுதான். இதுவரைக்கும் வச்சதை நீதான் வச்சே” என்றேன்.

“நா அப்பிடிப் பண்றவ இல்லீங்க சார். சாயந்திரம் நா இங்க இருக்கறதே இல்லையே” என்றார். என் மனைவி பக்கத்தில் நின்றாள், எதுவும் சொல்லவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று மாலையே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் இதைச் சொன்னேன். ‘ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று நல்லது செய்கிறவன்போலச் சொன்னேன். அதில் ஒரு வீட்டில் அவருக்கு வேலை போனது.

அவர் நின்ற பிறகும் நாற்றம் நிற்கவில்லை. அதற்கும் ‘உள்ளே ஊறிவிட்டது’ என்று காரணம் கண்டுபிடித்தேன். பிறகு ஒரு மாலை இண்டக்ஷன் அடுப்பு தானாக அணைந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினார். பெட்டியைப் பார்க்கவே இல்லை; நேராகச் சுவருக்குப் போய் ஸ்விட்சை அணைத்து, மல்டி பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். அதன் முகம் உருகி, பழுப்பேறி, ஓட்டையைச் சுற்றிக் கரியாக இருந்தது. “சார், இதுதான் மீன் வாடை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும்” என்றார்.

அவர் விளக்கியதும், நான் பிறகு தெரிந்துகொண்டதும் இது. வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் பெட்டியின் பிளக் நம் சுவர்த் துளையில் சேராது என்பதால், கடையில் மலிவாகக் கிடைத்த மல்டி பிளக் ஒன்றை வாங்கி 6 ஆம்பியர் துளையில் மாட்டியிருந்தேன். ஒயின் கூலர் இழுப்பது 70 வாட் அளவு. கால் ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும், அதனால் ஒரு கேடும் இல்லை. ஆனால் அதே மல்டி பிளக்கில் இண்டக்ஷன் அடுப்பையும் செருகினேன். 1800 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் இழுப்பது கிட்டத்தட்ட 8 ஆம்பியர். அது 16 ஆம்பியர் பவர் பிளக்கில் இருக்க வேண்டியது. சுமையும் அதிகம், தொடர்பும் தளர்வு. பிடிப்பு தளர்ந்த இடத்தில் மின்தடை கூடி, அந்த இடம் சூடேறிக்கொண்டே இருந்தது. இதற்கெல்லாம் மெயின் பெட்டியில் உள்ள எம்.சி.பி. விழாது. அது மின்னோட்டம் அளவு மீறினால்தான் விழும். ஓர் இணைப்பு தளர்ந்து சூடாவது அதற்குத் தெரியாது.

மீன் வாடைக்கும் காரணம் இருக்கிறது. மின்சாதனங்களின் பிளக், சுவிட்ச், சாக்கெட் பலவற்றை யூரியா ஃபார்மால்டிஹைடு போன்ற பிசின்களில் வார்க்கிறார்கள். அவை அளவுக்கு மீறிச் சூடேறும்போது அமீன் வகை வாயுக்களை விடும். மீன் கெடும்போது அந்த நாற்றத்தைத் தருவதும் ட்ரைமெத்தில் அமீன் என்ற, அதே குடும்பத்துப் பொருள்தான். ஆக என் மூக்கு என்னை ஏமாற்றவில்லை. அது கண்டது சரி. யாரால் என்று முடிவு கட்டியது நான்.

இயந்திரங்களில் நாற்றம் எவ்வளவு பெரிய உதவி என்பதை அதன் பிறகுதான் உணர்ந்தேன். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனையே இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்துதான் சிலிண்டரில் அடைக்கிறார்கள். 1920களில் குளிர்பெட்டிகளில் இருந்த வாயுக்கள் நச்சு. பெர்லினில் ஒரு குடும்பமே இரவில் கசிந்த வாயுவால் இறந்த செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் கசிவுக்கு இடமில்லாத குளிர்பெட்டியை வடிவமைக்க இறங்கினார்கள். 1930இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்கள். மனிதர்கள் இப்படியெல்லாம் உயிர் காக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். எனக்கோ செலவில்லாமலே எச்சரிக்கை வந்தது. பிளக் வழியாகவும் வந்தது. வேலை செய்கிற ஒரு பெண்ணின் வாய் வழியாகவும் வந்தது. இரண்டையும் நான் தள்ளினேன். தீப்பிடித்திருந்தால் என் மனைவியும் சேர்ந்து எரிந்திருப்பாள்.

அன்று செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடனே போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பது. நான் போகவில்லை. வயரிங் கோளாறு, சரி செய்தாயிற்று என்று மனைவியிடம் சொன்னேன். தெருவில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் மனைவிதான் கேட்டாள்: “அப்போ அந்த அம்மா?” என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகும் தள்ளிப் போட்டேன். தவறு செய்ததைவிட இப்படித் தள்ளிப்போட்டதுதான் கெட்ட காரியம் என்று இப்போது நினைக்கிறேன். முதலாவது, தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது, அவர் வேலை இழந்து நிற்கிறார் என்று தெரிந்தே செய்தது.

ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதி இருக்கிறது. 1948இல் மறைந்த அந்தப் பசுவை, கீரைப்பாட்டி மறுபிறவி எடுத்து வந்ததாக அடியார்கள் நம்புகிறார்கள். கீரைப்பாட்டி மலையில் கீரை பறித்துச் சமைத்து, ரமணருக்கும் கொண்டுவந்து கொடுத்த ஏழைக் கிழவி. அவர் கொடுத்ததை ரமணர் வாங்கி உண்டார். நான் அந்தச் சமாதியைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் கைகூப்புகிறவன். தினமும் காலையில் ஆசிரமத்தில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் முதலில் சோறு போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு இலை போடுகிறார்கள். அதையும் நின்று பார்த்து நெகிழ்ந்தவன். அப்படிப்பட்ட நான்தான் என் வீட்டில் உழைக்க வந்த ஒருவரின் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கச் சொல்லிச் சோதனை போட்டேன். என் பக்தி என் வீட்டுச் சமையலறை வாசல்வரைகூட வரவில்லை. இதற்குச் சாதிப் புத்தி என்று பெயர். வயது, கோபம், மறதி என்று வேறு எதன் பின்னாலும் இதை ஒளித்துவைக்க எனக்கு உரிமை இல்லை.

கடைசியில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன். பிளக்கைப் பற்றிச் சொன்னேன். தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். பிடித்த சம்பளத்தையும், வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பணத்தையும் கொடுத்தேன். அவர் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டார். “அப்பவே சொன்னேன் சார், சுடுதுன்னு. நீங்க காதுல வாங்கல” என்றார். திரும்ப வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். “வேற வீடு கெடச்சிருச்சு சார்” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லும்படி கேட்கவும் எனக்குத் தகுதி இல்லை. நான் கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டார்: “நீங்க யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்டயும் சொல்லிடுங்க சார்.”

அதைச் செய்யத்தான் இந்த எழுத்து. அதற்கு முன், இப்படிப்பட்ட பெட்டியை வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். ஒயின் கூலரில் பால், மாவு, சமைத்த பண்டம் வைக்காதீர்கள். புளித்த நாற்றம் வந்தால் கதவு ரப்பரின் மடிப்பையும் தண்ணீர் வடியும் ஓட்டையையும் பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் தட்டுகளை வெயிலில் போட்டு, சோடா மாவுத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கதவை மூடுங்கள். மரத்தில் ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். பயன்படுத்தாத நாளில் மின்சாரத்தை அணைத்துக் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். மீன் வாடையோ, பிளாஸ்டிக் கருகும் வாடையோ வந்தால் உள்ளே தேடிக்கொண்டிருக்காதீர்கள். அந்த இணைப்புக்குப் போகும் மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடுப்பு, ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எதையும் மல்டி பிளக்கில் செருகாதீர்கள். வீட்டில் வேலை செய்கிறவர்கள் ‘சுடுது’ என்று சொன்னால் எழுந்து போய்ப் பாருங்கள்.

தனி டம்ளர் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. இப்போது வருகிறவர் நாங்கள் குடிக்கிற டம்ளரில்தான் குடிக்கிறார். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதல் நாளே இப்படி இருந்திருக்க வேண்டும்.

அன்று நான் சொன்னதைக் கேட்ட வீடுகளில் இரண்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து இந்தப் பழி இன்னும் யார் காதுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ரமணாசிரமம் பக்கத்துத் தெருக்களில், வீட்டு வேலைக்கு வரும் ஓர் அம்மா சைவ வீட்டுப் பெட்டியில் கருவாடு ஒளித்து வைத்தார் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அந்தக் கதையைத் தொடங்கியவன் நான். அவர் வைக்கவில்லை. அவர் நேர்மையானவர். உங்களிடம் அதைச் சொன்னவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.